ஊதா மையில் ஓர் ‘ஆம்’

போன வாரம் மிக்கேல் வீட்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பாட்டில் இறங்கியது. அவர் மனைவி அந்தோணிமேரியம்மாள் அதைத் துடைத்தார். பதினெட்டு வயது நிறைந்த மகன் யூஜின் பக்கத்தில் நின்று பார்த்தான். அத்தோடு விட்டிருந்தோம். படிப்பவர்களுக்கு ஒரு வாரம் ஆகிவிட்டது. பாட்டிலுக்கு ஒரு ராத்திரிதான் ஆகியிருக்கிறது. இன்னும் யாரும் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை அது சாப்பாட்டு மேசையின் நடுவில் நிமிர்ந்து நின்றது. பதினெட்டு வருஷம் படுத்தே கிடந்த சிவப்பு ஒயின். நாளைக்குத் திறப்பதென்றால் இன்றைக்கு நிறுத்தி வைக்க வேண்டும். அப்போதுதான் வண்டல் அடியில் தங்கும். அதனால் அன்று வீட்டில் எல்லோரும் மேசையை இடிக்காமல் நடந்தார்கள். குழந்தை தூங்கும் வீடு போல இருந்தது.

புதிதாகச் சேர்ந்துகொள்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மிக்கேல் வீட்டில் ஆண்பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்தால், அதையடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், அப்பா தன் கையால் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுப்பார். பையன் நின்றுகொண்டே வாங்க வேண்டும். உட்கார்ந்து குடிக்க வேண்டும். அதுதான் முதல் கிளாஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த மிக்கேலின் தகப்பனார் ஆரம்பித்து வைத்த பழக்கம். கடையில் போய்க் கற்றுக்கொள்வதைவிட வீட்டு மேசையில் கற்றுக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. பையன் பிறந்த வாரமே பாட்டில் வாங்கி வைத்துவிட வேண்டும் என்பது அதன் கிளைச்சட்டம்.

மிக்கேல் தினமும் இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடிப்பார். இரண்டாவது கிளாஸ் குடித்ததை யாரும் பார்த்ததில்லை. பகலெல்லாம், யாரும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் பேசுவார். அதற்குத்தான் சம்பளம்.

இதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. பிரசார வண்டியில் ஏறினால் சர்க்கார் ஆள், இறங்கினால் வீட்டு ஆள். நான்கு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது, சுகாதார ஆபீசில் ஒரு படம் காட்டும் மெஷினையும், நான்கு பிரெஞ்சுப் படங்களையும், மிக்கேலையும் விட்டுவிட்டுப் போனார்கள். படம் பேசுவது புது அதிகாரிகளுக்குப் புரியவில்லை, மிக்கேலுக்குப் புரிந்தது. அதனால் மெஷின் ஓட ஓட, பக்கத்தில் நின்று மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லும் வேலை அவருக்குக் கிடைத்தது. தற்காலிக வேலை. நான்கு வருஷமாகத் தற்காலிகம்.

அதை நிரந்தரமாக்கும் காகிதம் இப்போது கோவிந்தசாமி என்ற புது அதிகாரியின் மேசையில் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்தப் பக்கம் மதுவிலக்கு, குடித்தால் கேஸ். இந்தப் பக்கம் குடித்தால் சனிக்கிழமை. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் குடிக்க வருகிறவர்களை ஏற்றி வரும் பஸ்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனசு நொந்துபோயிருந்தது. பெரியவர்களை விட்டுவிட்டு, இனிமேல் குடிக்கப் போகிற வயசுப் பிள்ளைகளைப் பிடிப்போம் என்று முடிவு செய்தார். டில்லியில் நடந்த ஒரு பயிற்சியில் அவருக்கு ஒரு வழியும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். படம் காட்டுவதற்கு முன்னால், ‘மது அருந்தும் எண்ணம் உண்டா?’ என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று சீட்டில் எழுதி வாங்க வேண்டும். பேர் எழுத வேண்டாம். படம் முடிந்ததும் மறுபடி எழுதி வாங்க வேண்டும். இரண்டையும் கழித்தால் பிரசாரத்தின் பலன் வந்து நிற்கும்.

முதல் சோதனை யூஜின் படிக்கும் கல்லூரியில். அன்று மத்தியானம்.

ஸ்டெல்லாமேரி ஆறு ஒயின் கிளாஸ்களைக் கழுவித் துடைத்து மேசையின் ஓரத்தில் வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் டீச்சர்; சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள். தம்பியை விட நாலு வயசு மூத்தவள். பெண்பிள்ளைக்கு முதல் கிளாஸ் கிடையாது என்பதால் அவளுக்குக் கழுவுகிற பாக்கியம்.

“டேய், நாளைக்கு வாயில வச்சதும் இருமித் தொலைக்காதே. மாமா வீட்டுக்காரங்க எல்லாம் உன் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. இன்னைக்கே நன்னாரி சர்பத்தை வச்சுப் பழகிக்கோ.”

யூஜின் ஊதா மையைப் பேனாவில் நிரப்பிக்கொண்டிருந்தான். கல்லூரியில் எல்லோரும் நீல மைக்கு மாறிவிட்டார்கள். மிக்கேல் மட்டும் பழைய சர்க்கார் விட்டுப்போன ஊதா மைப்பொடி வீணாகக் கூடாதென்று வீட்டுக்குக் கொண்டுவந்து கரைத்து வைப்பார். அதனால் அந்தக் கல்லூரியில் ஊதா நிறத்தில் எழுதுகிறவன் ஒரே ஒருவன்.

மிக்கேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். படப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கவலை இருந்தது. நான்கு வருஷமாகக் குடியைப் பற்றிய அந்தப் படத்தை அவர் கிராமங்களில்தான் காட்டியிருக்கிறார். பாகூரிலும் வில்லியனூரிலும் பிரெஞ்சு தெரிந்தவர்கள் வந்து உட்காரமாட்டார்கள். கல்லூரியில் பாதிப் பேர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். வேறு படம் போடலாமா என்று கோவிந்தசாமியிடம் இரண்டு தடவை கேட்டார். ஏன் என்று அவர் கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

*

கல்லூரி மண்டபத்தின் ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மணி இரண்டரை. உள்ளே அறுபத்து நான்கு மாணவர்கள், இரண்டு மின்விசிறி.

கோவிந்தசாமி பத்து நிமிஷம் பேசினார். ஈரல் என்ற உறுப்பைப் பற்றி அவருக்கிருந்த அக்கறை உண்மையானது. பிறகு முதல் சீட்டு. பியூன் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டிக்கொண்டே வந்தான். யூஜின் யோசிக்காமல் ‘இல்லை’ என்று எழுதிப் போட்டான். பக்கத்தில் வடிவேலும் அதையே போட்டான். வடிவேல் அரியாங்குப்பத்துப் பையன். தினமும் ஆற்றுப்பாலம் தாண்டி சைக்கிளில் வருகிறவன்.

படம் ஓடியது. சிவந்த மூக்கோடு ஒரு பிரெஞ்சுத் தொழிலாளி வந்தான். கடையில் குடித்தான். வீட்டில் குடித்தான். ஏணியில் ஏறினான். இறங்கும்போது ஏணி இல்லாமல் இறங்கினான். மிக்கேலின் குரல் அவனுக்காக உருகியது. அவன் மனைவி அழுதபோது மிக்கேல் அவளாகவே ஆகிவிட்டார். பையன்கள் சத்தமில்லாமல் கேட்டார்கள். கோவிந்தசாமி நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அப்புறம் டாக்டர் வந்தார். வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி. மேசை மேல் ஒரு லிட்டர் ஒயின் பாட்டிலை எடுத்து வைத்தார். விரலால் அதைத் தட்டி, ஆரோக்கியமாக உழைக்கும் மனிதன் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சுத்தமான பிரெஞ்சில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

மிக்கேல் மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். “இந்தப் பாட்டிலில் ஒரே ஒரு சொட்டுக்கூட வேண்டாம் என்று டாக்டர் கெஞ்சுகிறார்.”

 பிறகு முன்வரிசையில் யாரோ தும்மியது போல ஒரு சத்தம் வந்தது. அது தும்மல் இல்லை. அங்கிருந்து பரவி, பின்வரிசைவரை போய், பிரெஞ்சு தெரியாத பையன்களிடமும் மொழிபெயர்ப்பாகிச் சேர்ந்தது. முப்பது பேர் ஒரே குரலில் “ஒரு லிட்டர்!” என்றார்கள். கோவிந்தசாமி எழுந்து, இவ்வளவு உற்சாகத்தைத் தான் எதிர்பார்க்கவில்லை என்றார்.

யூஜின் சிரிக்கவில்லை. அவன் காது இரண்டும் சூடாகிவிட்டன. திரைவெளிச்சத்தில் அப்பா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் விடாமல் மேலே சொல்லிக்கொண்டே போனார்.

படம் முடிந்ததும் இரண்டாவது சீட்டை வாங்கியிருக்கலாம். ஆனால் டில்லிப் பயிற்சியில் ஒரு நுணுக்கம் சொல்லியிருந்தார்கள். கருத்து மனசில் ஊற வேண்டும். அதற்கு அரை மணி நேரம் விட வேண்டும். கோவிந்தசாமி மாணவர்களை வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வரச் சொன்னார்.

அவர்கள் டீக்கடைக்குப் போனார்கள். அங்கே ஊறியது.

*

கூடப் படிக்கும் கன்னியப்பன் பெஞ்சின் மேல் ஏறி நின்று டாக்டர் மாதிரி தட்டிக் காட்டினான். டீ கிளாஸ்தான் பாட்டில். காலையில் அரை லிட்டர், சாயங்காலம் அரை லிட்டர் என்று மருந்துச் சீட்டு எழுதினான். இதுவரை இந்தப் பையன்களில் பெரும்பாலோர் குடிப்பதைப் பற்றி நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் உட்கார வைத்து நினைக்க வைத்தாயிற்று; இனி நினைப்பதற்கு அவர்களுக்கு உதவி தேவைப்படவில்லை. பிராந்தி கசக்குமா, எரியுமா என்று ஒரு தர்க்கம் நடந்தது. குடித்துப் பார்க்காத எட்டுப் பேர் அடித்துச் சொன்னார்கள்.

யூஜின் ஒதுங்கித்தான் நின்றான். கன்னியப்பன் விடவில்லை.

“ஏன்டா, உங்க அப்பா நிஜமாவே ஒரு சொட்டுகூடத் தொடமாட்டாரா? இல்ல, டாக்டர் சொன்ன அளவா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவின் இரண்டு கைகள் யூஜினுக்கு ஞாபகம் வந்தன. அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று தோன்றியது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அதைச் சொன்னான்.

“எங்க அப்பா யாருக்கும் பயந்தவர் இல்ல. நாளைக்கு எனக்கு அவர் கையாலதான் முதல் கிளாஸ். என் வயசு ஒயின். பதினெட்டு வருஷமா எனக்குன்னு வச்சிருந்தது.”

சிரிப்பு நின்றது. யாரும் கேலி செய்யவில்லை. கன்னியப்பன் பெஞ்சை விட்டு இறங்கினான். பிறந்த வாரம் வாங்கிய பாட்டில் என்றதும் ஒவ்வொருத்தன் முகத்திலும் ஒரு ஆசை வந்தது. எந்தக் கடை, என்ன நிறம், எப்படி வாங்க வேண்டும், நின்று குடிப்பதா உட்கார்ந்து குடிப்பதா என்று கேட்டார்கள். யூஜின் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், அப்பா தினமும் ஒரு கிளாஸோடு நிறுத்திவிடுவதையும் சேர்த்து. சொல்லச் சொல்ல அவனுக்கே தான் ஒரு பிடி உயர்ந்துவிட்டது போல இருந்தது. எங்க வீட்டில் இப்படி ஒண்ணு இல்லையே என்று ஒருத்தன் வருத்தப்பட்டான். வீட்டில் இல்லாவிட்டால் என்ன, நாமே போய்ச் செய்துகொண்டால் போயிற்று என்றான் இன்னொருத்தன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு பேர் கடைக்குப் போவதாக ஏற்பாடாயிற்று.

வடிவேல் டீயைக் குடித்து முடித்து கிளாஸை வைத்தான். மண்டபத்துக்குத் திரும்பி நடக்கும்போதுதான் பேசினான்.

“எங்க அப்பாவுக்கு யாரும் ஊத்திக் குடுக்கலடா. அவராவே கத்துக்கிட்டாரு. இன்னைக்கு சனிக்கிழமை இல்ல? நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள பாலத்துக்கு அந்தாண்ட எங்கியாவது உக்காந்திருப்பாரு. சைக்கிள் கேரியர்ல வச்சுத் தள்ளிக்கினு போவணும். கனமான ஆளு.” சாதாரணமாகத்தான் சொன்னான், மளிகை வாங்கப் போகிற மாதிரி. “ஒண்ணு கேக்கணும். உங்க அப்பா ஒரு கிளாஸோட நிறுத்திடறார்னு சொன்னியே. அது எப்படின்னு கேட்டுச் சொல்றியா? எங்க அப்பா கிட்டச் சொல்லிப் பார்க்கறேன்.”

யூஜின் கேட்கிறேன் என்றான். பதினெட்டு வருஷத்தில் அந்தக் கேள்வி வீட்டில் வந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பிஸ்கட் டப்பா மறுபடி வந்தது. ‘மது அருந்தும் எண்ணம் உண்டா?’ யூஜின் இந்தத் தடவை வெகுநேரம் யோசித்தான். பியூன் இருமினான். பிறகு எழுதி, மடித்துப் போட்டான்.

*

கணக்கெடுக்கும் வேலையைக் கோவிந்தசாமி மிக்கேலிடமே கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை காலை அறிக்கை வேண்டும். பலன் நன்றாக வந்தால் அதையே காட்டி வேலையை நிரந்தரமாக்க எழுதுவதாகவும் சொன்னார். நல்ல மனசுக்காரர்.

மிக்கேல் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே, மேசையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் பாட்டில், இன்னொரு பக்கம் இரண்டு கட்டுச் சீட்டு. ஸ்டெல்லாமேரி பிரித்துப் பிரித்து வைத்தாள். அந்தோணிமேரியம்மாள் நாளைய பூசைக்குப் பேர் கொடுக்கக் கோயிலுக்குப் போயிருந்தார்.

முதல் கட்டில், ஆம் மூன்று. பாக்கி அறுபத்தொன்றும் இல்லை. மிக்கேல் தலையாட்டிக்கொண்டார்; நல்ல பிள்ளைகள்.

இரண்டாவது கட்டைப் பிரித்தார்கள். ஆம், ஆம், இல்லை, ஆம். ஸ்டெல்லாமேரி வேகத்தைக் குறைத்தாள். ஒரு சீட்டில் ‘ஆம், ஒரு லிட்டர்’ என்று இருந்தது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டாள். மிக்கேல் அதை வாங்கி ஆம் பக்கம் வைத்தார். கடைசியில் ஆம் முப்பத்தொன்று வந்தது. இன்னொரு தடவை எண்ணினார்கள். பிரசாரம் பத்து மடங்கு வேலை செய்திருந்தது, திசை மட்டும்தான் வேறு.

அந்த முப்பத்தொன்றில் ஒன்று ஊதா மை.

மிக்கேல் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முதல் கட்டைப் புரட்டி அதிலிருந்தும் ஊதாவைத் தேடி எடுத்தார். ‘இல்லை’. பக்கத்தில் வைத்தார். ஒரே கை, ஒரே மை, இரண்டு வார்த்தை.

ஸ்டெல்லாமேரி வெற்றுச் சீட்டு ஒன்றையும் பேனாவையும் அப்பா பக்கம் மெதுவாக நகர்த்தினாள். மாற்றி எழுதிக்கொள்ளச் சொன்னாளா, தான் பார்க்கவில்லை என்று சொன்னாளா, அவளுக்கே தெரியாது. மிக்கேல் பேனாவைத் தொடவில்லை. மூன்று சீட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

*

மொட்டைமாடியில் துணி உலர்ந்துகொண்டிருந்தது. கடல்காற்று வரத் தொடங்கிய நேரம். யூஜின் நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான்.

மிக்கேல் இரண்டு ஊதாச் சீட்டுகளையும் கைப்பிடிச் சுவரில் வைத்து, பறக்காமல் விரலால் அழுத்திக்கொண்டார்.

“இது உன்னுதா?”

“யார் எழுதினதுன்னு பார்க்கக் கூடாதுன்னு சார் சொன்னாரே.”

“நான் பார்க்கல. மை சொல்லிடுச்சு.”

“என்னுதுதான்.”

“படத்தைப் பார்த்துட்டா இந்த எண்ணம் வந்துச்சு?”

“படத்தால இல்லப்பா.” சட்டையை மடித்தான், சரியாக வரவில்லை, மறுபடி விரித்தான். “எண்ணம் உண்டான்னு கேட்டாங்க. நாளைக்கு நீங்க ஊத்தப் போறீங்க, நான் வாங்கிக் குடிக்கப் போறேன். இல்லைன்னு எழுதினா பொய்தானே. முதல் தடவை அது நெனப்புக்கே வரல. அதைக் குடிக்கிறதுன்னே நான் நெனச்சதில்ல. பூசை மாதிரி, கேக் வெட்டற மாதிரி, வீட்டு விசேஷம்னுதான் இருந்துச்சு.”

பிறகு டீக்கடையில் நடந்ததையும் சொன்னான். ஒளிக்கவில்லை. அவர்கள் சிரித்ததையும், தான் பதில் சொன்னதையும், ஆறு பேர் நாளைக்குக் கிளம்புவதையும். மிக்கேல் விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். நான்கு வருஷமாக ஊர் ஊராக வண்டியில் போய்த் தான் சொன்னதையெல்லாம், தன் மகன் அரை மணி நேரத்தில், மைக் இல்லாமல், தன் வீட்டுப் பெருமையைச் சொல்லியே தோற்கடித்திருக்கிறான் என்பது அவருக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“வடிவேல் ஒண்ணு கேட்டான்ப்பா. உங்ககிட்டக் கேட்டுச் சொல்லச் சொன்னான். நீங்க ஒரு கிளாஸோட நிறுத்திடறீங்களே, எப்படி நிறுத்தறீங்க?”

மிக்கேல் வாயைத் திறந்தார். அளவு, கட்டுப்பாடு, தேவபயம் என்று கிராமத்தில் சொல்லும் வார்த்தைகளெல்லாம் வரிசையாக வந்து நின்றன. 

“தெரியலடா.”

யூஜின் திரும்பிப் பார்த்தான்.

“நெசமாத்தான். எனக்கு நின்னுடுது. அவ்வளவுதான். அதுல என் கெட்டிக்காரத்தனம் ஒண்ணும் இல்ல. ஆம்புரோஸுக்கு நிக்கல.”

ஆம்புரோஸ் மிக்கேலின் தம்பி. முதலியார்பேட்டையில் ஆலை வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால், யூஜின் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தன்று, இந்த மேசையில்தான் சாய்ந்து விழுந்தார். தட்டுகள் உடைந்தன. யூஜினுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. சித்தப்பாவுக்கு வலிப்பு என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு அவர் இந்த வீட்டு விசேஷம் எதற்கும் வந்ததில்லை; வலிப்புக்காரருக்குக் கூட்டம் ஆகாது என்றார்கள்.

“அப்போ, வலிப்பு?”

“வலிப்பு இல்ல.”

மீதியை மிக்கேல் கடல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். தகப்பனார் இறந்தபோது ஆம்புரோஸுக்குப் பதினாறு வயசு. இரண்டு வருஷம் கழித்து, அப்பா இல்லாத குறை தெரியக் கூடாதென்று, அப்பாவுடைய இடத்தில் இவர் நின்றார். அதே மேசை, அதே மாதிரி பாட்டில். ஆம்புரோஸ் நின்று வாங்கினான், உட்கார்ந்து குடித்தான், ஒரு வார்த்தை தப்பில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். கடையில் கற்றுக்கொள்ளாமல் மேசையில் கற்றுக்கொண்டான். பிறகு கடைக்கும் போனான்.

“நான்தான் ஊத்தினேன். எனக்கும் அப்படித்தான் அப்பா ஊத்தினார். ஒரே வீடு, ஒரே அளவு. ஒருத்தன் நின்னான், ஒருத்தன் நிக்கல. எவன் நிப்பான் எவன் நிக்கமாட்டான்னு கிளாஸைப் பார்த்தா தெரியாது. அதை எந்தப் படத்துலயும் சொல்லல. நானும் எங்கேயும் சொல்லல.”

கீழே தெருவில் ஒரு ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு போனது.

மிக்கேல் பையிலிருந்த வெற்றுச் சீட்டை எடுத்துச் சுவரில் வைத்தார். வாயால் கேட்க அவருக்கு வரவில்லை. கேள்வி அதிலேயே அச்சடித்திருந்தது. நாளைக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். மாமியார் வீட்டார் காரைக்காலிலிருந்து கிளம்பிவிட்டார்கள். பாட்டில் நிற்கிறது. பையன் ‘இல்லை’ என்றால் பத்துப் பேர் முன்னால் அப்பா கை நீட்டியபடி நிற்க வேண்டும். ‘ஆம்’ என்றால் மிக்கேல் இன்னொரு தடவை ஊற்ற வேண்டும்.

யூஜின் சீட்டைப் பார்த்தான். இரண்டு வார்த்தைக்குத்தான் அதில் இடம் இருந்தது. அதை அப்பா பக்கமே தள்ளினான்.

“நாளைக்குச் சித்தப்பாவைக் கூப்பிடுங்கப்பா.”

மிக்கேல் திகைத்தார். “அவன் வந்தா பாட்டிலைத் திறக்க முடியாதுடா.”

“தெரியும்ப்பா.”

 பிறகு மிக்கேல் மகன் கையிலிருந்த சட்டையை வாங்கி, மடிப்புக் கலையாமல் சரியாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

*

கீழே வந்ததும் முதலில் அறிக்கையை எடுத்தார். ஊதா மையில் எழுதினார். படத்துக்கு முன்: ஆம் 3. படத்துக்குப் பின்: ஆம் 31. எண்ணிக்கையை அப்படியே போட்டார். ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை அதன் மேல் கொண்டுபோனார், திரும்ப எடுத்தார். திங்கட்கிழமைவரை அது காலியாகவே இருக்கட்டும் என்று மடித்து வைத்தார்.

பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். வண்டல் கலங்கியது. அலமாரியின் மேல்தட்டில், பழைய இடத்தில், படுக்க வைத்தார்.

தம்பி சொன்னதைக் கேட்டு ஸ்டெல்லாமேரி ஆறு ஒயின் கிளாஸ்களையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, வெள்ளி டம்ளர்களை எண்ணி அடுக்கினாள். வருகிறவர்களுக்குப் பத்து, வீட்டாருக்கு நான்கு. யோசித்து, இன்னொன்றை எடுத்து வைத்தாள். தம்பியைக் கூப்பிட்டு, காலையில் கேட்ட நன்னாரி சர்பத்துக்கு இப்போது வேலை வந்துவிட்டது, போய் வாங்கி வா என்றாள். காலையில் அவன் ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னான். போய் வா என்றாள்.

அந்தோணிமேரியம்மாள் கோயிலிலிருந்து திரும்பி வந்து, மேசை நடுவில் பாட்டில் இருந்த இடத்தைப் பார்த்து நின்றார். அவரிடம் யார் சொல்வது என்று அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டபோது, மிக்கேல் சைக்கிளை வாசலில் இறக்கிவிட்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே முதலியார்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். ஆலை விட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான்கு வருஷமாக இந்தத் தெரு வழியாகத்தான் பிரசார வண்டியில் பல தடவை போயிருக்கிறார். இந்த இடம் வந்ததும் ஒலிபெருக்கியை அணைத்துவிடச் சொல்வார். டிரைவர் காரணம் கேட்டதில்லை.

சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். கதவைத் தட்டினார்.

“யாரு?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரலை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. தம்பி எந்த நிலையில் இருக்கிறார், தனியாக இருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை.

மிக்கேல் தொண்டையைச் செருமினார். ஊரில் எந்தப் படத்துக்கும் உடனே வார்த்தை வைத்திருப்பவர் அவர். கதவு திறக்கப் போகிறது. யாருக்காகவும் இல்லாமல் தனக்காகப் பேச வேண்டும்.

“ஆம்புரோஸு. அண்ணன்டா.”

உள்ளே நாற்காலி நகர்ந்தது. அப்புறம் ஏதோ ஒரு கண்ணாடிப் பொருளைத் தரையில் மெதுவாக வைக்கும் சத்தம். அதன் பிறகுதான் தாழ்ப்பாள் அசைந்தது.